சருகில் ஒரு குதி

பாதாம் மரம் இலை உதிர்க்கத் தொடங்கிய வாரத்தில், செம்பி என்ற தாய்க் கவுதாரி தன் மூன்று குஞ்சுகளை முதன்முதலாக இரை தேடக் கூட்டி வந்தது. பொழுது சாய்வதற்குள் மூன்று வயிறும் நிறைய வேண்டுமே என்று அதற்குக் கவலை.

"சருகைக் கிளறுங்க, அடியில புழு இருக்கும்" என்றது.

குஞ்சுகளோ சிவந்த சருகுக் குவியலில் குதித்துப் புரண்டன. அதட்டி இழுக்கப் போன செம்பியின் காலடியில் ஒரு சருகு மொறுமொறுவென்று நொறுங்கியது. இன்னொன்றை மிதித்துப் பார்த்தது. அப்புறம் ஓடிவந்து தானும் குவியலில் விழுந்தது. விழுந்த வேகத்தில் புழுக்கள் நாலாபுறமும் சிதற, குஞ்சுகள் துரத்தித் துரத்தித் தின்றன.

வெயில் தாழ்ந்ததும் மூத்த குஞ்சு, "வயிறு நிறைஞ்சிடுச்சும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றது.

"கொஞ்சம் இருங்கடா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்றது செம்பி.