நாலு நிமிட விண்வெளிச் சண்டை

“அண்ணா, விண்வெளியில சத்தமே கேக்காது. குண்டு வெடிக்கிறப்ப ‘டமார்’னு வெச்சா நம்மளப் பாத்து சிரிப்பாங்க” என்றான் சுனில்.

ஜாபேஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். அவன் எடுத்த குறும்படத்தை நாளைக் காலைக்குள் திருப்பதி போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். பரிசு கிடைத்தால் சினிமா, கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் ஸ்ரீசிட்டி கம்பெனி வேலை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். படத்தில் பாக்கி, இரண்டு விண்கலங்கள் மோதும் நாலு நிமிடச் சண்டை மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டரில் செய்து தருகிறவன் சித்தூரில் கிராபிக்ஸ் கடை வைத்திருக்கும் இந்த சுனில். செய்து தருகிற ஆள் இப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

சரி, சத்தம் வேண்டாம் என்றான் ஜாபேஸ். சுனில் விடவில்லை. காற்றில்லாத இடத்தில் நெருப்பு எப்படிக் கொழுந்து விட்டு எரியும் என்றான். நெருப்பு போனது. விமானம் மாதிரிச் சாய்ந்து வளைய அங்கே காற்று ஏது என்றான். அதுவும் போனது. லேசராவது பளிச்சென்று தெரியட்டுமே என்று ஜாபேஸ் கெஞ்சினான். தூசு இல்லாத இடத்தில் பக்கத்திலிருந்து பார்த்தால் கதிர் கண்ணுக்குத் தெரியாதாம். சண்டை கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருந்தது.

“நாலு மாசமா இல்லாத சயின்ஸு இன்னிக்கு எங்கேர்ந்துடா வந்திச்சி?”

“சூளூர்பேட்டைக்கு ராக்கெட் பாக்கப் போயிருந்தேன்ணா. அது மேல போயினே இருக்குது, சத்தம் அப்பறமாத்தான் வந்து சேருது. சத்தத்துக்கே காத்தோட தயவு வேணும்னு அன்னிக்குத்தான் புத்தியில ஏறிச்சி.”

ஜாபேஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கலங்களாவது நேருக்கு நேர் நிற்கட்டும் என்றான். நிஜத்தில் நடுவில் ஆயிரம் கிலோமீட்டராவது இருக்கும், எதிரி புள்ளியாகக்கூடத் தெரியமாட்டான் என்றான் சுனில்.

“அப்ப திரையில இன்னாதாண்டா தெரியும்?”

“இருட்டுண்ணா. நாலு நிமிஷமும் நல்ல கறுப்பு. அதான் கரெக்ட்டு.”

ஜாபேஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் யோசித்துப் பார்த்தான். நடுவர்கள் படித்தவர்கள், ஒருவேளை இதைத்தான் ரசிப்பார்களோ என்னவோ. கறுப்பாகவே இருக்கட்டும், கதாநாயகியின் மூச்சுச் சத்தத்தை மட்டும் ஓடவிடு என்று சொல்லிவிட்டு எழுந்தான். சுனில் சட்டென்று ஒத்துக்கொண்டு வாசல்வரை வழியனுப்ப வந்தான்.

வாசலில் ரிப்பேர் கடை கங்கையா எதிர்ப்பட்டார். கையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை சுனிலிடம் நீட்டினார்.

“இது தேறாது நைனா. நாலு மாசம் செஞ்ச சண்டைன்னு அழுதுக்கினு வந்தியே, ஒரு நிமிஷம்கூட மிஞ்சல. ஆயுத பூஜைன்னா பொட்டு வெச்சி வுட வேண்டியதுதான, அது தலையிலயா தேங்காத் தண்ணிய ஊத்துவாங்க?”