ஈரக்கை

கொட்டகை இரண்டுபட்டது. விசில் பறந்தது.

“ஒன்ஸ்மோர்!”

நாடகத்தில் பாட்டுக்குக் கேட்டுப் பழகிய ஜனம். இப்போது ஓர் அலறலுக்குக் கேட்டது.

அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மாட்டினி வெயிலில் தகரக் கூரை கொதித்தது. அவனுக்கோ உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது.

டெலிபோனை எடுத்தவரெல்லாம் செத்து விழுகிற மர்மப் படம். கையைச் சுருக்கிப் பதினெட்டே நாளில் எடுத்தது. கொட்டகையில் பாதிப்பேர் டெலிபோனைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் இத்தனை பயம், இத்தனை குஷி.

பக்கத்தில் குஞ்சிதம். படத்தில் மூன்றாவதாகச் சாகிறவள். அலறியது அவள்தான்.

அது நடிப்பில்லை.

மணி அடிக்கும்போது டெலிபோனில் பொறி பறக்க வேண்டும் என்றார் டைரக்டர். ஒயர் இழுத்தது எலெக்ட்ரீஷியனான இவன். ஓரிடத்தில் உறை கிழிந்து செம்பு இளித்துக்கொண்டிருந்தது. சுற்றுவதற்கு டேப் இல்லை. ஒரே ஷாட்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டான், பாவி.

அவள் எடுத்தாள். அலறினாள். விழுந்தாள்.

“பிரமாதம்!” என்றார் டைரக்டர், விஷயம் தெரியாமல்.

ஈரக்கையால்தான் ஷாக் அடித்தது என்று முதலில் சொன்னது யார்? இவன்தான். அப்போதுதான் அவள் சொம்புத் தண்ணீர் குடித்திருந்தாள். எல்லோரும் நம்பினார்கள். அவளே நம்பினாள்.

அவளுடைய வலக்கை விரல்கள் மடங்கின. அப்புறம் நிமிரவேயில்லை. ஆர்மோனியம் வாசித்த விரல்கள்.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான். சாமி சத்தியமாக.

ஆபரேட்டர் ரீலைப் பின்னுக்குச் சுற்றினார். அதுவரைக்கும் விளக்கைப் போட்டார்கள்.

குஞ்சிதம் இவன் பக்கம் சாய்ந்தாள்.

“என் தப்புதாண்ணே. ஈரக்கையோட எடுத்துத் தொலைச்சேன். நான் செத்திருந்தா உங்க தலையிலதான் விடிஞ்சிருக்கும்.”

இப்போது சொல். இப்போதே சொல்லித் தொலையடா.

வாயைத் திறந்தான். விளக்கு அணைந்தது.

டெலிபோன் மணி அடித்தது. திரையில் அவள் கை நீண்டது. ஐந்து விரலும் நேராக இருந்தன.

அவன் காத்திருந்தான்.

சரியாக அவள் அலறும்போது சொன்னான்.

“ஒயரைச் சுத்தாம விட்டது நான்தாம்மா.”

அலறல் நின்றது.

“என்னண்ணே சொன்னீங்க? காதுல விழலை.”

திரும்பச் சொல்ல நேரம் இருந்தது. இருட்டும் இருந்தது.

“பிரமாதமா நடிச்சிருக்கீங்கன்னு சொன்னேம்மா.”

அவள் முகம் மலர்ந்தது.

கொட்டகை கை தட்டியது. அவளும் தட்டினாள், இடக்கையால், தன் தொடையில்.