வளையம் யாருக்கு?

பெரியம்மாவின் தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பூ பாக்கியில்லை. மொட்டைமாடியிலிருந்து அதைப் பார்த்ததுமே, ஈரத்துணி வாளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படியிறங்கினாள் ரேடியோ. அது தெரு அவளுக்கு வைத்த பெயர். ஒரு சேதி சூடு ஆறுவதற்குள் நாலு வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த வட்டாரத்தில் யார் போனாலும் மலர்வளையம் பெரியம்மா வீட்டிலிருந்துதான். எழுபத்தெட்டு வயதில் ஐம்பத்தொன்பது வருஷம் ஒரே அடுப்படி. கொழுந்தன்மார் மூன்று பேர், பிள்ளைகள் நாலு பேர், கடைசியில் படுத்த படுக்கையான கணவர் என்று எல்லாரையும் கரையேற்றியது போக, மிச்ச நேரமெல்லாம் இந்தச் செடிகளுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும்.

ஆளில்லாத நோயாளிகளுக்குச் சாப்பாடு ஊட்ட வாரத்தில் நாலு நாள் அங்கே போவார். அதனால், யார் உயிர் பிரிந்தாலும் வார்டிலிருந்து முதல் போன் அவருக்குத்தான் வரும்.

ஒரே ஒரு குறை. இழவு விழுந்த வீட்டாருக்குப் பக்கத்தில் சொந்தம் ஒருத்தராவது வந்து நிற்கும்வரை மனுஷி வாயைத் திறக்க மாட்டார். ரேடியோவைக் கேட்டால், சேதியைப் பட்டினி போட்டுக் கொல்வது என்பாள்.

பெரியம்மா படியில் உட்கார்ந்து, கம்பி வளையத்தை மடியில் வைத்துப் பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு பெரியம்மா?”

“உக்காரு. இந்த நூலைப் பிடி.”

“முனைவீட்டு டெய்லரா? ரெண்டு நாளா இருமல் சத்தமே காணோமே.”

“அவரு இப்பதான் வந்து பேப்பர் வாங்கிட்டுப் போனாரு.”

ரேடியோவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வளையத்தை உற்றுப் பார்த்தாள். ஆண்டு அனுபவித்துப் போனவர்களுக்குப் பெரியம்மா இலை கலந்து கட்டுவார். வயசாகாமல் போனவர்களுக்கு வெறும் வெள்ளை. இதில் பேருக்கு ஒரு இலை இல்லை.

“அடப்பாவமே, போற வயசு இல்லியா? அப்ப மூணாம் வீட்டு பைக்குக்காரன்தான். என்ன வேகம்ங்கறீங்க. அன்னிக்கே அவன் அம்மாகிட்ட சொன்னேன், என்னைத்தான் முறைச்சாங்க.”

பெரியம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டியா?”

“எங்க சாப்பிடறது. விடியறதுக்கு முன்னாடியே அந்த மனுஷனோட சண்டை. சட்டையில பட்டன் தைக்கலையாம். டிபன் பாக்ஸைக்கூட எடுக்காம மில்லுக்குப் போயிட்டாரு. சமாதானம் பேச போன் பண்ணுவாரு, எடுக்கக்கூடாதுன்னு ஆஃப் பண்ணி அலமாரியில போட்டுட்டேன். கெடக்கட்டும்.”

பெரியம்மா எழுந்து உள்ளே போனார். இரண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“முதல்ல சாப்பிடு.”

“சாப்பிடறேன், பேரை மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

இந்தச் சத்தியத்தை அவள் செய்யாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. பெரியம்மா சிரிக்கவில்லை. கடைசி வாய் பால் உள்ளே போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. இறங்கியவள், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த ரேடியோவின் மகள். டாக்ஸிக் கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இவ எங்க இந்நேரத்துல? வேலைக்குப் போகலையா?” என்றாள் ரேடியோ. “பெரியம்மா, நீங்க பேச்சை மாத்தாதீங்க. வளையம் யாருக்கு?”

பெரியம்மா அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“உன் வீட்டுக்குத்தாம்மா.”