துணைக் கோபுரம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் கப்பல்களை வீட்டு மேசையிலிருந்தே ஓட்டிக் கொண்டுவரும் பைலட் பிரிசில்லா. இன்று வந்தது முந்நூறு மீட்டர் நீளக் கப்பல். அது அலைத்தடுப்புக் கற்களை நெருங்கியபோது வீட்டு வைஃபை சிக்னல் ஒரே கோட்டுக்கு இறங்கிவிட்டது.

கணவன் அமலன் சுவரில் மாட்டியிருந்த, சிக்னலைப் பெருக்கும் பேட்டரி ரிப்பீட்டரைக் கழற்றிக்கொண்டு அறை அறையாக ஓடினான். சமையலறை வாசலில் ஸ்டூல்மேல் ஏறித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்ததும்தான் கோடுகள் நிறைந்தன.

“அங்கனயே நில்லுங்க! அசைஞ்சீங்கன்னா கப்பல் கல்லுல ஏறிரும்.”

நாற்பது நிமிடம் நின்றான். பக்கத்து அடுப்பில் குக்கர் ஏழு விசில் அடித்தும் அவன் இறங்கவில்லை. கடைசியில் கப்பலைத் துறையில் கட்டிவிட்டார்கள். அதன் சங்கு நீளமாக ஊதியது ஜன்னல் வழியே கேட்டது.

பிரிசில்லா அறிக்கையை நிரப்பினாள். சிக்னலுக்கு உதவிய துணைக் கோபுரத்தின் பெயர் கேட்ட இடத்தில் ‘அமலன்’ என்று எழுதினாள். அடுத்த கட்டம் உயரம்.

“ஒங்க உயரம் எவ்வளவு?”

கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவன் பதில் சொல்லாமல் நழுவிய கேள்வி அது. அவளைவிட இரண்டு அங்குலம் குட்டை அவன். மரத்துப்போன கையைத் தேய்த்தபடி ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

“நான் அஞ்சடி ரெண்டு. ஸ்டூலையும் தூக்கின கையையும் சேத்து எட்டடின்னு போடு.”