அவுக அபிப்பிராயம்

பஞ்சம்மாள் வீட்டோடு நோட்டு முடிந்துவிடும்.

ஞானதுரை வற்றிக் கிடந்த கல்லோடையின் மணலில் நின்றபடியே அண்ணாந்து கேட்டான். அவள் வாசல் ஐந்து படிக்கு மேலே இருந்தது.

“ஆத்தா, இந்த ஓடைய மூடி மேல கடைத்தெரு கட்டப் போறோம். ஒங்க அபிப்பிராயம் என்ன?”

“நான் என்னத்தச் சொல்ல. அவுக வந்து சொல்லுவாக.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளாக இதே பதில்தான்.

தேனிக்கு ரயில் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சந்தைக்கு வருகிற பருத்தியையும் ஏலக்காயையும் இறக்கி வைக்க இடமில்லை. கடைக்காரர்கள் கூடி ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டிக்கு ஞானதுரை குமாஸ்தா. ஓடைக்கரையில் இருக்கும் நாற்பத்தோரு வீட்டிலும் அபிப்பிராயம் கேட்டு எழுதி வர வேண்டும். ஆட்சேபம் இல்லையென்றால் மறுநாளே கல் வந்து இறங்கும்.

கடைத்தெரு ஆட்களிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஜவுளிக்கடை சங்கரலிங்கத்துக்கு மதுரையில் பார்த்த மாதிரி வளைவு வேண்டும், வளைவுக்கு மேல் கடிகாரமும் வேண்டும். எண்ணெய்க்கடைக்காரருக்கு மாடி வேண்டும். மாடியில் நின்று தெருவைப் பார்க்க வேண்டுமாம். ஓடையைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. வருஷம் பூராவும் குப்பை கிடக்கிற பள்ளம். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் ரயிலுக்குப் பிறகு ஊருக்கு வந்தவர்கள்.

கரை வீடுகளில் பகலில் பெண்கள்தான் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் “அவுக வந்து சொல்லுவாக” என்றார்கள். ஞானதுரை சாத்தூர்ப் பக்கத்துக்காரன். அவன் அம்மா சாகும்வரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, வாய்க்கு வாய் ‘அவுக’தான். அதனால் யார் என்று அவன் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டால் மேற்கே மலையைக் காட்டினார்கள். எப்போது வருவார்கள் என்றால் ஐப்பசியில் என்றார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள், தீபாவளிக்குத் திரும்புவார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது.

‘வீட்டுக்காரர் ஊரில் இல்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தான். ஊரில் இல்லாதவருக்கு ஆட்சேபம் இல்லை என்று கொள்ளலாம் என்பது விதி. அந்த விதியை எழுதிக் கொடுத்த கெட்டிக்காரனும் அவன்தான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. மாதிரிக்கென்று கடைத்தெருப் பக்கம் ஓடையை முப்பதடி மூடி, தண்ணீர் போக ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி விட்டு, மேலே மூன்று அறை கட்டியிருந்தார்கள். முதல் அறையில் அவனும் மனைவி கிருபாவதியும் ஆறு மாதப் பெண் குழந்தையும் குடியிருந்தார்கள். நோட்டு முடிந்தால் அந்த அறை அவனுக்கே என்று கமிட்டி சொல்லியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டிக் கிடந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பஞ்சம்மாள் பெயருக்கு நேரேயும் அதையே எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

அவள் கழுத்தில் தாலி இல்லை.

அப்போதுதான் மற்றதும் கண்ணில் பட்டது. நல்ல மத்தியானம். கரையில் ஓர் ஆடு கத்தவில்லை, ஒரு பிள்ளை அழவில்லை. காலையில் வரும்போது வீட்டுக்கு வீடு பானைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தான். இப்போது கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே ஆள் இல்லை. பஞ்சம்மாளும் இடுப்பில் ஒரு தகரப்பெட்டியோடு புறப்பட்டுத்தான் நின்றாள்.

தலைக்கு மேல் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மேற்கே கருமேகத்துக்குள் மலையைத்தான் காணவில்லை.

“ஒங்க வீட்டுக்காரரும் மலைக்கா போயிருக்காரு?”

“அவரு செத்துப் பதினோரு வருசமாச்சு தம்பி. அவுகதான் கொண்டுபோனாக.”

நேற்று நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு அவன் நின்ற இடத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“பேரச் சொல்லக் கூடாது. மேல ஏறி வந்துருங்க.”

ஞானதுரை குனிந்து பார்த்தான். விரல் அகலத்துக்கு ஒரு தண்ணீர், மணலை நனைத்துக்கொண்டு வளைந்து வளைந்து வந்தது. அவன் செருப்பில் முட்டி, ஒரு கணம் நின்று, இரண்டாகப் பிரிந்து அவனைத் தாண்டிக் கடைத்தெருப் பக்கம் போனது. அதன் பின்னால் தூரத்தில் பாரவண்டிகள் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

நோட்டு எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. தண்ணீரைத் தொடர்ந்து ஓட ஆரம்பித்தான்.

காலையில் அவன் கிளம்பும்போது, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கிருபாவதி கேட்டிருந்தாள்.

“கரைப் பொம்பளைக வந்து, இன்னைக்கி அவுக வாராக, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்ககூட வந்துருங்கிறாக. யாருங்க அது?”

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அவன் பதில் சொல்லியிருந்தான்.

“அவுக வீட்டு ஆம்பளைகதான். வந்தா உள்ள உக்காரச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது.”