கடல் பட்டா

கடலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பட்டா கொடுத்தால் மீன் பெருகும் என்றது அரசு. பெருகவும் செய்தது, குறை சொல்லக் கூடாது. எல்லையைத் தொட்டால் மட்டும் வள்ளத்தின் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

அன்று எழும்பிய பேரலையில் சூசையின் தம்பி தொம்மை வள்ளத்திலிருந்து கடலுக்குள் விழுந்தான். நீரோட்டம் அவனைப் பக்கத்துப் பட்டாவுக்குள் இழுத்துப் போனது. சூசை வள்ளத்தைத் திருப்பி விரட்டினான். எல்லையில் இன்ஜின் நின்றது.

"அண்ணே, கை ஓயுதுண்ணே!"

"வலையப் புடிலே!" என்று கத்திக்கொண்டே சூசை வலையை வீசினான். உள்ளங்கை கிழிய இழுத்து, தம்பியை வலையோடு வள்ளத்துக்குள் உருட்டிப் போட்டான்.

இன்ஜின் பெட்டியில் அரசு பொருத்தியிருந்த கருவியின் பெண்குரல் வழக்கம்போலப் பணிவாகப் பேசியது.

"அடுத்தவர் பட்டாவில் உங்கள் வலை அறுபத்திரண்டு கிலோ பிடித்துள்ளது. உயிரோடு இருக்கும்போதே திரும்பக் கடலில் விடவும். அதுவரை இன்ஜின் இயங்காது."

சூசை சாவியைத் திருகினான். திரும்பத் திரும்பத் திருகினான். இன்ஜின் அசையவில்லை. கரை கண்ணுக்கெட்டவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வலைக்குள் கிடந்த தொம்மை உப்புநீரைத் துப்பிவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

"நான் எறங்கிக்கிடட்டா, அண்ணே?"