நாலு மணிக்கு வருகிறவள்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பேய் பிடித்தாலும் இரத்தம் எடுக்கத்தான் தெரியும் என்று முணுமுணுத்தார் கபிரியேல். சுகாதாரக்காரத் தம்பி பிரதீஷ் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து நின்றதே அவருக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே மனைவி றோசாலி சுருண்டு கிடந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு மணிக்கு மலையில் பனி இறங்கும்போது அவளுக்கு நடுக்கம் வரும். "கதவைச் சாத்துங்க, வந்துட்டா" என்பாள். பக்கத்துக் காம்பராவில் செத்துப்போன மரியாயிதான் வருகிறாள் என்று லயமே நம்பியது.

"வீட்ல யாராவது வெளிநாடு போனீங்களா ஐயா?"

"லயத்துச் சனம் வெளிநாடா? நக்கலா தம்பி?"

கபிரியேல் அவள் நெற்றியில் எண்ணெய் தடவினார். பிரதீஷ் அந்த எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தான்.

"இது எங்க வாங்கினது?"

"வேளாங்கண்ணியில. போன வருசம் ரெண்டு பேரும் ஊருக்குப் போனோம்ல."

"அது இந்தியா இல்லையா?"

"பாட்டன் பொறந்த ஊருக்குப் போறது வெளிநாடாய்யா?"

பிரதீஷ் உடனே றோசாலியின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் சோதனைப் பட்டையில் கோடு விழுந்தது.

"மலேரியா. நம்ம இலங்கையில இப்ப இது இல்ல. அங்க நுளம்பு கடிச்சிருக்கு. கிருமி ஈரல்ல இத்தன மாசம் தூங்கிட்டு இப்ப எழும்பியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். காய்ச்சல் நின்னாலும் மருந்த நிப்பாட்டாதீங்க, திரும்ப வரும்."

கபிரியேல் றோசாலியைக் கம்பளியில் சுற்றி எழுப்பினார்.

"மருந்த நான் குடுக்கிறேன். ஆனா கடல் தாண்டிக் கூடவே வந்து, உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்து, மணி பாத்து எழும்புதுன்னா அது பேயில்லாம வேற என்னய்யா?"

பின்னால் யாரும் வந்துவிடாதபடி கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, அவளை அணைத்தபடி பிரதீஷ் வந்த வேனை நோக்கி நடந்தார்.